தம்பிக்கு எதிராகச் சாட்சி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“என் புருசனுக்கு எதிரா, கூடப்பொறந்த நீங்களே சாட்சி சொல்லப் போறீங்களே மதினி! நேசிக்கச் சொல்ற பைபிளத்தான படிக்கிறீங்க?”

“வேலைக்கு வந்தவரு கைய எந்தம்பி கட்டையால அடிச்சு ஒடிச்சத என் கண்ணால பாத்தேன் ஸ்டெல்லா. நியாயஞ் செய்யி, இரக்கமா இருன்னு ரெண்டையும் ஒரே எடத்துலதான் போட்டிருக்கு. ஒண்ண மட்டும் வச்சுக்கிட முடியுமா?”

“அவரு ஜெயிலுக்குப் போயிட்டா நானும் புள்ளைகளும்?”

“எங்க வீட்டுல இருங்க. அவனையும் நான் வாரா வாரம் போயிப் பாப்பேன்.”

“நல்ல நேசம் போங்க!”

கோர்ட்டு ஸ்டாப் வந்தது. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். திரும்பி, “படி ஒசரமா இருக்கு, பாத்து எறங்குங்க,” என்று கையை நீட்டினாள்.

அந்த வசனம் அப்படித்தான் இருக்கிறதா என்று பைபிள் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.