பெயர் இல்லாத செய்தி

பருத்தித்துறை பஸ்ஸில் என் முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் கைத்தொலைபேசியை மற்றவரிடம் நீட்டியபடி, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

“கள்ளன்ரை பேரைப் பொலிஸ் சொல்லாமல் விட்டதாலை என்ரை மகன்ரை கலியாணம் குழம்பிப் போச்சு.”

“என்னக்கா கதைக்கிறியள்? பேரைச் சொன்னால்தானே மானம் போகும்?”

“இதை வாசி. தண்ணி மோட்டர் களவெடுத்தவர் கைதாம். கரவெட்டியாம். இருபத்தொன்பது வயசாம். பேர் அவரின்ரை தனிப்பட்ட விசயமாம், சொல்லேலாதாம். ஊரையும் வயசையும் மட்டும் சொல்லலாமாக்கும்! என்ரை மகனும் கரவெட்டி, அவனுக்கும் இருபத்தொன்பது.”

“கரவெட்டியிலை அந்த வயசிலை எத்தினை பொடியள்!”

“அதைப் பொம்பிளை வீட்டுக்காரருக்கு ஆர் சொல்லுறது? கலியாணப் புறோக்கர் போன் எடுத்து, ‘தம்பி வீட்டிலைதான் நிக்கிறாரோ’ எண்டு கேக்கிறார். ஓம், இருந்து சோறு தின்னுறான் எண்டன். படம் எடுத்து அனுப்பட்டாம்.”

“அனுப்பினியளோ?”

“அனுப்பினன். அது பழைய படமாம்!”

“அப்ப பிடிபட்டது ஆரெண்டு விசாரிச்சு, அந்தப் பேரைச் சொல்லிவிடுங்கோவன்.”

ஜன்னலோரம் இருந்தவர் திரும்பிப் பின்சீற்றுகளை ஒருமுறை பார்த்தார். குரல் நன்றாக இறங்கிவிட்டது.

“விசாரிக்க என்ன கிடக்கு? அது என்ரை தங்கச்சியின்ரை மூத்தவன். அதைச் சொன்னால் மட்டும் பொம்பிளை தருவினமோ?”