ஒரு கை தூரம்

உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திக்கொள்ள முடியுமா, ஐயா? ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் பாதியில்தான் விழுகிறது. கேட்பவர் முகம் தெரிந்தால் சொல்பவனுக்குக் கோர்வையாக வரும். போதும், அங்கேயே இருங்கள். நன்றி.

பார்த்தீர்களா, எவ்வளவு சின்ன விஷயம். சொன்னேன், நகர்ந்தீர்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தங்கை புருஷனிடம் இதை வாங்க நான் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன்.

நான் வந்தது மேடையில் இருக்கிற அந்தத் தரைக்கதவைப் பற்றிச் சொல்ல. தாழ்ப்பாள் பழசு, தேய்ந்து வழுக்கிவிட்டது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தேயவில்லை. நன்றாக எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். தப்பான விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை. அது என் சுபாவம். ஆனால் கதவு புரிய வேண்டுமானால் முதலில் மேடை புரிய வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

நாடகம் இயக்குபவன் என்றால் நடிகர்களுக்கு அழச் சொல்லிக்கொடுப்பவன் என்று பலர் நினைக்கிறார்கள். அழுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் வேலை, யார் எங்கே நிற்பது என்பது. ஒருவர் ஓரடி முன்னால் வந்தால் அதிகாரம் வந்துவிடும். ஓரடி பின்னால் போனால் அதே வசனம் கெஞ்சலாகிவிடும். இரண்டு பேர் கொஞ்சம் கவனமில்லாமல் நின்றால், ஓரத்து இருக்கைக்காரருக்கு ஒருவர் மற்றவரை மறைத்துவிடுவார். விளக்கு இன்னும் கண்டிப்பானது. அது உயரே இரும்புக் குழாயில் திருகி முறுக்கப்பட்டிருக்கும். நடிகர் எங்கே என்று அது தேடாது. நடிகர்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அதற்காகத் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவோம். இருட்டுக் காட்சி என்றால் அதற்கென்று தனி டேப் உண்டு. வெளிச்சம் இருக்கும்போது அதைக் குடித்து வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்ததும் பச்சையாக மினுங்கும். அழகான கண்டுபிடிப்பு. எங்கள் குழுவில் அதைப் புள்ளி என்போம். புள்ளியில் நிற்கத் தெரிந்தவர்தான் என்னைப் பொறுத்தவரை நடிகர். மற்றதெல்லாம் குரல்வளம்.

என் தங்கை புருஷனை எங்கள் குழுவில் எல்லோருமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், டிக்கெட் கிழிப்பவர் உட்பட. நல்ல நடிகர். அதை நான் மறுக்கவில்லை. குரல் இருந்தது, முகம் இருந்தது, அவர் தும்மினால்கூடக் கைதட்டும் ஜனம் இருந்தது. கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. எங்கள் அரங்கில் இடப்பக்கத்து மின்விசிறிகள்தான் ஒழுங்காகச் சுற்றும். அதனால் கூட்டம் அங்கே சேரும். சிரிப்பும் அங்கிருந்துதான் முதலில் கிளம்பும். மாப்பிள்ளை சிரிப்பு வந்த திசைக்குச் சாய்வார். வெயிலுக்குத் திரும்புகிற செடி மாதிரி, அவருக்கே தெரியாமல்.

இந்த நாடகத்தின் உயிர் ஒரே ஒரு காட்சி. வேலை பறிபோன கணவன், அதை மனைவியிடம் சொல்ல முடியாமல் இருக்கிறான். வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது. அந்த இருட்டில் அவன் மேசையை விட்டு எழுந்து மேடையின் முன்பக்கம் நடந்து வந்து நிற்கிறான். மனைவியும் பின்னாலேயே வந்து நிற்கிறாள். "எனக்கு வேல போயிருச்சு" என்கிறான். அப்போது மேலேயிருந்து ஒரே ஒரு ஒளிக்கீற்று அவன் முகத்தில் விழுகிறது. முகம் மட்டும். கொஞ்சம் காத்திருக்கிறோம். பிறகு இருட்டிலிருந்து ஒரு கை வந்து அவன் தோளைத் தொடுகிறது. மனைவியாக யார் நடித்தாலும் அந்தக் கை போதும். முகம் முதலில், கை பிறகு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ மாதம் ஆயிற்று. மனைவியாக நடித்தது என் தங்கை.

மாப்பிள்ளையின் புள்ளி ஒளிக்கீற்றுக்கு நேர்கீழே. தங்கையின் புள்ளி அதற்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். முதல் ஒத்திகையிலிருந்தே மாப்பிள்ளை இடப்பக்கம் நன்றாகத் தள்ளி நின்றார்.

"மாப்ள, புள்ளி இங்க இருக்கு. நீங்க அங்க நிக்கிறீங்க."

"இங்க நின்னாத்தான் மச்சான் எனக்கு அழுகை வருது."

"அழுகை வருது. வெளிச்சம் வரலையே."

"நான் இருக்கிற எடத்துக்கு வெளிச்சம் வரட்டும். வேற எதுக்கு கரண்ட்ட கூட வச்சுக்கிட்டுச் சுத்துறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் என்பது எங்கள் விளக்குக்காரரின் பட்டப்பெயர். ஏணி மேலிருந்து அவரும் சிரித்தார். நான் மறுபடி விளக்கினேன். படம் போட்டு விளக்கினேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். தலையாட்டுவார். காட்சி தொடங்கியதும் கால் அதன் பாட்டுக்குப் போய்விடும். கரடியாய்க் கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். நான் கத்துவதில்லை. அதுதான் என் கஷ்டம்.

தங்கை என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாள். "விடுண்ணா. வீட்டுல சாவிய ஒரு நாளாவது ஆணியில மாட்டியிருக்காரா? மேடையில மட்டும் எப்படி நிப்பாரு? நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டது எப்படி என்று எனக்குக் கொஞ்சநாள் கழித்துத்தான் தெரிந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், பின்னால் தேவைப்படும். அவள் தன் புள்ளியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். இருட்டில் அவரை ஒட்டி இடப்பக்கம் போவாள். கையை முன்னால் நீட்டி, விரல் நுனியால் அவர் முதுகுச் சட்டையைத் தேடுவாள். தட்டுப்பட்டதும் நின்றுவிடுவாள். தட்டுப்படாவிட்டால் இன்னொரு அடி எடுத்து வைப்பாள். நான் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. உண்மையில் மிகவும் கெட்டிக்காரத்தனமான வித்தை. ஒரு தப்பைச் சரியாக்க இன்னொரு தப்பு.

அடுத்தது கரண்ட். நாடகம் மேடையேறி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் பார்க்கிறேன், ஒளிக்கீற்று அவர் முகத்தில் விழுகிறது. அவர் புள்ளியில் இல்லை. விளக்கைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

"நாந்தான் சார் திருப்புனேன்," என்றார் கரண்ட். "மனுசன் எப்படியும் அங்கதான் நிக்கப்போறாரு. வெறுந்தரைக்கு எதுக்கு சார் வெளிச்சம்?"

அந்த வாரம் பத்திரிகையில் எழுதினார்கள். மேடை நடுவை விட்டு விலகி நிற்கும் அந்த நடிகரின் துணிச்சல் என்று ஒரு வரி. என்னைப் பற்றி எதுவும் இல்லை. மாப்பிள்ளை ஒப்பனை அறையில் அதை உரக்கப் படித்தார். "பாத்தீங்களா மச்சான், தள்ளி நிக்கிறது துணிச்சலாம்." கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் அதில் பங்கு இருப்பது போல, சந்தோஷமாகச் சொன்னார். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

யோசித்துப் பாருங்கள். விளக்கு அவர் பக்கம் போய்விட்டது. தங்கை அவர் பக்கம் போய்விட்டாள். பத்திரிகையும் போய்விட்டது. என் புள்ளி மட்டும் இருட்டில் யாருமில்லாமல் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. நான் ஏணி வைத்து ஏறி விளக்கைப் பழையபடி புள்ளிக்கே திருப்பி முறுக்கினேன். அடுத்த காட்சியில் மாப்பிள்ளை வழக்கமான இடத்தில், இருட்டில் நின்று அழுதார். ஒளிக்கீற்று காலியான தரையில் விழுந்தது. பின்வரிசையில் ஒருவர் "ஆள் எங்கப்பா?" என்றார். அரங்கமே சிரித்தது. அரங்கத்தின் மேலாளர் வந்து என்னிடம்தான் கேட்டார், விளக்கு ஏன் தப்பாக இருக்கிறது என்று. ஆனாலும் விளக்கை அதன் பிறகு யாரும் தொட நான் விடவில்லை.

இனி கதவு. அந்த மேடையில் முன்பு பேய், பிசாசு எழும்பும் நாடகங்கள் போடுவார்கள். அதற்காக வைத்தது. ஒரே பலகை. ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் அடியில் இரும்புத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் மேலே யானையே நிற்கலாம். எங்கள் நாடகத்தில் அதற்கு வேலையில்லை. அதனால் என் அமைப்பில் அந்தப் பலகையின் மேல் யாருக்கும் புள்ளி கிடையாது. எல்லோரும் சொன்ன இடத்தில் நின்றால், அதன் மேல் ஒருவர் காலும் படாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை தினமும் நின்றது அந்தப் பலகையின் மேல். தங்கை நின்றது அதன் பின்விளிம்பை ஒட்டி, வெளியே.

நாடகத்தின் கடைசி நாள் காட்சியன்று, இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் மேடைக்கு அடியில் இறங்கினேன். தாழ்ப்பாளை முழுக்க இழுத்தால் கதவு அப்போதே தொங்கிவிடும். நகக்கண் அளவு விட்டு வைத்தால் பலகையின் கனத்தைத் தாங்கும். ஆள் கனத்தைத் தாங்காது. எவ்வளவு விடுவது என்று கையால் அழுத்திப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வராது.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. கீழே பழைய காலத்து மெத்தை ஒன்று எப்போதும் கிடக்கும். பேயாக நடித்தவர்கள் குதிப்பதற்காகப் போட்டது. புள்ளியில் நின்றால் ஒன்றும் ஆகாது. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவருக்குப் புரிய வேண்டும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மேலே வந்து மேடை ஓரத்தில் நின்றேன். மணி அடித்தது. மாப்பிள்ளை வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், இன்னைக்கு உங்க புள்ளியிலதான் நிக்கப்போறேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சத்தியமா. அன்னைக்கு அண்ணாவ எல்லாருக்கும் முன்னாடி அசிங்கப்படுத்திட்டீங்கன்னு உங்க தங்கச்சி வீட்டுல ஒரே அழுகை. அவகிட்டகூடச் சொல்லல. மேடையிலயே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு இருக்கேன். நீங்களும் சொல்லிராதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அவர் உள்ளே போனார்.

இரண்டாம் பாதி, மேசையருகே இருவரும் உட்கார்ந்து பேசுவதில் தொடங்கும். கொஞ்சம் நீளமான பேச்சு. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், கிழிந்த செருப்பு என்று போகும். மாப்பிள்ளை இரண்டு இடத்தில் சிரிக்க வைப்பார். கீழே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு வர, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் போதும். போயிருக்கலாம். அவர் பலகையில் நிற்கப்போவதில்லை என்றால் கதவால் யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது உண்மை இல்லை. நான் கணக்கு போடுகிறவன், ஐயா. அங்கே நின்றபடியே போட்டுவிட்டேன். தங்கை இடப்பக்கம் வருவாள். கையை நீட்டுவாள். சட்டை தட்டுப்படாது. இன்னொரு அடி வைப்பாள். அந்த அடி பலகையின் மேல். விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டியது போல எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் ஏன் போகவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். கீழே போனால் காட்சியைப் பார்க்க முடியாது. மாப்பிள்ளை அன்று ஒருநாள்தான் புள்ளியில் நிற்கப்போகிறார். அது கடைசிக் காட்சி. இனி எப்போது பார்ப்பது?

விளக்கு அணைந்தது. மாப்பிள்ளையின் காலடிச் சத்தம் வந்தது. நேராக வந்தது, இடப்பக்கம் சாயவே இல்லை. பின்னால் தங்கையின் காலடி, மெல்ல, தேடித்தேடி. பச்சைப் புள்ளி மினுங்கியது. பிறகு ஒரு பாதம் அதை மறைத்தது. "எனக்கு வேல போயிருச்சு" என்றார். ஒளிக்கீற்று இறங்கியது.

நெற்றி, மூக்கின் ஓரம், கீழுதட்டில் கொஞ்சம். கண்ணுக்குக் கீழே நான் நினைத்திருந்த அதே நிழல். அவ்வளவு மாதமாக என் தலைக்குள் மட்டும் இருந்த ஒன்று அங்கே நின்றது. கீழேயிருந்து சத்தம் வந்தது. கூட்டம் அதை நாடகத்தின் பகுதி என்று நினைத்துக்கொண்டது. மாப்பிள்ளை அசையவில்லை. தோளில் கை வருமென்று காத்துக்கொண்டிருந்தார். கை வரவில்லை. அந்த முகம் காத்திருந்ததைப் போல எந்த நடிகர் முகமும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட்தான் முதலில் கத்திக்கொண்டு இறங்கி ஓடினார்.

மெத்தை இருந்தும் தங்கையின் உயிர் எப்படிப் போனது என்று உங்கள் மருத்துவருக்குக் குழப்பமாக இருக்கிறதாம். குழப்பம் வேண்டாம். கதவுக்கு நேர்கீழே அன்று மெத்தை இல்லை. இடைவேளையில் இறங்கியபோதே அதை இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டேன். ஈரம் பட்டு நாற்றமடித்தது, காயட்டும் என்று. அந்த இடத்தில் பழைய படிக்கட்டின் இரும்புச் சட்டங்களை நகர்த்திப் போட்டதும் நான்தான்.

அதன் பிறகு மாப்பிள்ளை என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். என் மடியில் தலையை வைத்து, "நான் ஒழுங்கா நிக்கப்போய்த்தான மச்சான் அவ போயிட்டா" என்று அழுதார். பாவம், அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. நீங்க செஞ்சதுதான் சரி மாப்ள என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

அதனால் நீங்கள் எழுதும்போது தாழ்ப்பாளை மட்டும் திருத்தினால் போதாது. இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று மாப்பிள்ளை புள்ளியில்தான் நின்றார். புள்ளியை விட்டு விலகியது என் தங்கை.