தம்பி செஞ்ச சட்டி

அந்தப் பையை அப்படி மடியில வச்சுக்காதம்மா, முள்ளு துணியைத் தாண்டி இறங்கும். கீழ வை. ம், அப்புறம்? நீ இங்க வந்தது தொரைக்குத் தெரியுமா? தெரியாதா. அதானே பார்த்தேன். அக்கா வீட்டு மாடிப்படி ஏறினா உன் வீட்டுக்காரனுக்கு மானம் போயிருமே.

வெளிய எடு, பார்ப்போம். அடடா, இந்த உருண்டைக் கள்ளியா? சின்னக் கன்னா இருந்ததுலேர்ந்து நான் வளர்த்தது. நான் வந்த பிறகு புதுச் சட்டிக்கு மாத்தினீங்களாக்கும். அமுக்கிப் பாரு. வெளிய பச்சைப்பசேல்னு உட்கார்ந்திருக்கு, உள்ள கஞ்சியாயிருச்சு. கள்ளிக்கு அதான் குணம். செத்த பிறகும் கொஞ்ச நாளைக்கு, நான் நல்லாத்தான் இருக்கேன்னு காட்டிக்கும். நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி. நானும் சேர்த்திதான்.

தினமும் தண்ணி ஊத்தினியா? இல்லையா? நான் சொன்ன மாதிரி மண்ணு காஞ்ச பிறகுதானா? சரி சரி, கண்ணைத் துடை. உன்னைச் சொல்லல. செத்த செடியைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வர்றவங்களைப் பார்த்துப் பார்த்து என் வாய் அப்படி ஆயிருச்சு. ஒரு டாக்டரம்மா, கத்தாழைக்குத் தினம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, பக்கத்துல பாட்டு வேற போட்டு விடுவாங்களாம். அழுகிப்போச்சுன்னு வந்து நின்னாங்க. பாட்டு பிடிக்கலையோ என்னவோன்னேன். இன்னொருத்தரு பேங்க்காரரு. கடையில வாங்கின கள்ளி, உச்சியில மஞ்சப் பூ. வாடவே மாட்டேங்குதுன்னு பெருமை வேற. எப்படி வாடும்? பசை போட்டு ஒட்டின காகிதப் பூ. பிச்சுக் கையில கொடுத்தேன், என் மேல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அவங்களையெல்லாம் மன்னிச்சிரலாம். உன் வீட்டுக்காரன் இருக்கானே, அவன் கையைக் குறை சொல்ல மாட்டேன். சக்கரத்துல மண்ணை வச்சான்னா வழவழன்னு எழும்பும். ஆனா முள்ளுன்னா நடுக்கம். சட்டியை வேகவச்சு எங்கிட்ட கொடுத்துட்டு எட்ட நின்னுக்குவான். மண்ணு ரொப்பிச் செடி ஊணுறது நான். அதுக்கப்புறம் அந்தச் சட்டியை அவன் தூக்கிக்கூடப் பார்த்தது கிடையாது.

அந்தக் கண்காட்சியில ஒருத்தரு கேட்டாரு இல்ல, உங்க சட்டியில மட்டும் செடி சாகவே மாட்டேங்குதே, எப்படிங்கன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். தொரை சொல்றாரு, அது என் மண்ணோட பக்குவம், மிச்சத் தண்ணியை அதுவே குடிச்சிரும், செடி யாரு வேணா நடலாம்னு. யாரு வேணா. சரிப்பா, யாரையாவது வச்சு நட்டுக்கோன்னு வந்துட்டேன். நீ மட்டும்தான் வாசல் வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தே. மறக்கல.

இப்ப வாங்கினவங்க எல்லாரும் செடி அழுகிப்போச்சுன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்களா? வரட்டும். மண்ணை மாத்திப் பார்த்தானா? சூளையையும் இடிச்சுக் கட்டினானா? நல்லா வேணும். அவன்... என்ன சொன்னே? சக்கரத்துகிட்டயே போறதில்லையா? கை கெட்டுப்போச்சுன்னா சொல்றான்?

கிறுக்குப் பய.

அந்தச் சட்டியைக் கவுத்து. மண்ணு கொட்டினா கொட்டட்டும், கூட்டிக்கலாம். அடியில என்ன இருக்கு? அவன் பேரு பதிச்ச முத்திரை. வேற? வேற ஒண்ணும் இல்லேல்ல. தண்ணி வடிய அடியில ஓட்டை வேணும்மா, இது என்ன பெரிய வித்தையா. ஆரம்பத்துலயே சொல்லிப் பார்த்தேன். ஓட்டை போட்டா முத்திரை சிதைஞ்சிருமாம் தொரைக்கு.

அந்தத் தகர டப்பாவை இப்படித் தள்ளு. டிரில்லு இருக்கு பாரு, எடுத்துக்கோ. சட்டியை ஊறவச்சுக்கோ, கீழ ஒரு கட்டை கொடு, மெல்ல இறக்கு. அவசரப்பட்டா விரிசல் விட்டுரும். நட்ட நடுவுல, அவன் பேரு மேலயே போடு. இத்தனை வருஷமா நான் அங்கதான் போட்டேன், ஒரு சட்டி விடாம.

அவன்கிட்ட மூச்சு விடாதே. மண்ணோட பக்குவம்னே நினைச்சுக்கிட்டு சக்கரத்துல உட்காரட்டும். அவன் மண்ணெடுக்கப் போற நேரம் பார்த்துப் போடு. வீட்ல இருக்கும்போது, என்ன சத்தம்னு கேட்டா, மிக்சி ரிப்பேர்னு சொல்லு. நான் அதான் சொல்லுவேன். ஒரு மிக்சி எத்தனை தடவைதான் ரிப்பேராகும்னு ஒரு நாளாவது கேட்டிருப்பானா?