நெரெய்டாவின் முறை

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கடைக்குப் போனால்கூட வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவேன். ஆனால் எழுத்தில் நன்றாகப் பேசுவேன். பள்ளிப் படிப்பை முடிக்காத என்னை அந்த வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

அது ஒரு கைப்பேசி விளையாட்டு. ஆளுக்கொரு வீடு கட்டி, தெருவாகச் சேர்ந்து வாழ வேண்டும். சாந்தியாகோ அலுவலகத்தில் உட்கார்ந்து, விளையாடுகிறவர்களின் சந்தேகங்களுக்கு நான் பதில் எழுதினேன். அப்போது ஜன்னல் திரை, தோட்ட விளக்கு என்று விற்றோம். பார்த்தார்கள், பிடித்தது, வாங்கினார்கள். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. மேலாளர் ரொலாந்தோவுக்குத்தான் போதவில்லை.

"திரைய ஒருதரம் வாங்கிட்டா அவ்வளவுதான், யோகாஸ்தா. வாராவாரம் குடுக்கணும். விட்டுட்டுப் போகவே மனசு வரக்கூடாது."

சான் வைக்கலாம் என்று சொன்னது நான்தான்.

சான் என்றால் எங்கள் தெருச் சீட்டு. வாராவாரம் எல்லோரும் போடுவார்கள், முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். கையெழுத்து எதுவும் கிடையாது. சானில் சேர்ந்துவிட்டுக் கட்டாமல் போனவர் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது.

விளையாட்டுக்குள்ளும், சிலர் சேர்ந்து ஒரு வட்டம் என்று அப்படியே வைத்தோம். நிஜப் பணம் கட்ட வேண்டும். முறை வந்தவருக்கு ஒரு பெட்டி; அதில் மாடியோ நீரூற்றோ இருக்கும். ஒருவர் தவறினாலும் பெட்டி எரிந்துவிடும், எல்லோருக்கும் நஷ்டம். தவறியவரின் பங்கை இன்னொருவர் கட்டிக் காப்பாற்றலாம். பங்கு வாரந்தோறும் ஏறும். அது மட்டும் ரொலாந்தோவின் யோசனை. ஒவ்வொரு வட்டத்திலும் தவறுகிறவர், பொய்ப் பெயரில் சேர்ந்த எங்கள் அலுவலக ஆள்.

தோன்யா எர்சிலியாவின் வட்டத்தில் அந்த ஆள் நான். அங்கே என் பெயர் நெரெய்டா. கணவன் இல்லை, கைக்குழந்தைக்குக் காய்ச்சல்.

தோன்யா எர்சிலியா எங்கள் தெருவில் அழகு நிலையம் வைத்திருந்தவர். தெருவின் சான் பணமும் அவரிடம்தான் இருக்கும். விளையாடுகிறவர்களில் அவர் படத்தைப் பார்த்ததும், அந்த வட்டத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரிந்தவர்களிடம் எனக்குக் கூச்சம் குறைவு.

என் சீருடைக்கும் ஷூவுக்கும் அம்மா ஒருமுறை அவரிடம் போய், முதல் முறையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டாள்.

"முறைன்னா முறைதான், சுனில்டா. ஒனக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்றார். அந்த வருடத்தோடு என் படிப்பு நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரணையில் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

நெரெய்டாவுக்கு அவர் முறையெல்லாம் பார்க்கவில்லை. முதல் வாரமே அவள் பங்கையும் சேர்த்துக் கட்டினார். "காசு கெடக்கட்டும்மா, புள்ளையப் பாரு" என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னை அவர் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன் என்று நெரெய்டா ஒவ்வொரு வாரமும் எழுதினாள். சானில் சேர்ந்தவள் ஏமாற்றமாட்டாள் என்று தோன்யா எர்சிலியா நம்பினார். கைப்பணம் தீர்ந்ததும் தெருவின் பணத்தை எடுத்தார்.

தெருச் சானில் மெக்கானிக் வில்ஃப்ரிடோவின் முறை வந்தது. மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக அவர் காத்திருந்த பணம். அது இல்லை. தெருவே நிலையத்துக்குள் புகுந்தது.

"எங்க காச பொம்மை வீட்டுலயா கொட்டுன?" என்று கேட்டுக்கொண்டே வில்ஃப்ரிடோ முடி உலர்த்தும் இயந்திரங்களைக் கழற்றினார். நாற்காலிகளும் போயின. யாரோ தள்ளியதில் தோன்யா எர்சிலியாவின் மூக்குக் கண்ணாடி விழுந்து உடைந்தது.

"அந்த நெரெய்டா மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று, தோன்யா எர்சிலியா நடந்ததைச் சொல்லக் கேட்ட அம்மா பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் தோன்யா எர்சிலியா கைப்பேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லையாம். நான் நன்றாக எழுதுவேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. காபி கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"திருப்பித் தர முடியலன்னு வெக்கப்படாதம்மா. மொதல்ல புள்ளைக்கு மருந்து வாங்கு. இந்த வாரம் என்னால கட்ட முடியாது, மன்னிச்சுக்க."

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் அது எனக்கு வந்தது. பதில் எழுதாமல் விடுவது மரியாதையாகப் படவில்லை.

அவருடைய கல்யாண மோதிரத்தை அடகு வைக்கச் சொன்னது நான் என்று புகாரில் எழுதியிருக்கிறீர்கள். அது பொய். நான் எழுதியதை எடுத்துப் பாருங்கள். பணம் என்ற சொல்லே அதில் இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று மட்டும்தான் எழுதினேன்.