பதினேழு மார்க்

— வேலை முடியுற படிவத்துல கையெழுத்தை அப்புறம் போடலாம் ரிம்மா. முதல்ல இதைச் சொல்லு. உங்க ரஷ்யாவை இந்த ஐரோப்பிய மனித உரிமை மன்றத்தை விட்டு வெளியேத்தி, வாசல்ல கொடியை இறக்கினாங்களே, அப்ப நீ எங்க இருந்தே? சும்மா கேக்குறேன்.

— இதே ஜன்னல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன், லியோனி அக்கா. ரெண்டு பேர் போர்வை மடிக்கிற மாதிரி மடிச்சு எடுத்துட்டுப் போனாங்க.

— அழுதியா?

— நேரம் ஏது? அன்னைக்கு மட்டும் எங்க ஊர் ஜெயில்லேர்ந்து நாப்பது கடுதாசி.

— அதான் எனக்கு இன்னும் புரியல. நாட்டையே அனுப்பியாச்சு, அப்புறமும் என்ன கடுதாசி?

— அதுக்கு முன்னாடி நடந்த அநியாயத்தை மன்றம் விசாரிச்சுத்தானே ஆகணும். ஜெயில்ல காகிதம் கிடைக்காது. இத்தனூண்டு துண்டுல, ஓரத்துல எல்லாம் பொடிப்பொடியா எழுதியிருப்பாங்க. யாராவது உக்காந்து படிக்கணுமே.

— அதுக்குத்தான் உனக்கு விலக்கு கொடுத்து வச்சிருந்தோம். உறுப்பு நாட்டுக்காரங்க யாருக்கும் அந்த எழுத்தைப் படிக்க வராதுன்னாதான் உன்னை வச்சுக்க முடியும். இப்ப ஒருத்தி வரும்னு வந்து நிக்கிறாளே. உன் வேலைக்குப் பரீட்சை எழுதினதுல நாலாம் நம்பர். லாத்வியாக்காரி. பாஸுக்குப் பதினாறு, அவ பதினேழு. ரெண்டே ரெண்டு மார்க் குறைஞ்சிருந்தா உனக்கு இன்னும் ரெண்டு வருஷம். இந்தா, கேக் சாப்பிடு. குகெல்ஹோஃப், நானே சுட்டது.

— வெள்ளிக்கிழமை வேலை போனா, இங்க தங்குற அட்டையும் போயிடும் இல்ல?

— ரெண்டு மாசம் டைம் உண்டு. ஊருக்குப் போயிட முடியாதா?

— அங்க என் பேர் துரோகிங்க பட்டியல்ல இருக்கு. ப்ளேன்லேர்ந்து இறங்கின உடனே, அந்தக் கடுதாசியெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே கொண்டு போய் வச்சிருவாங்க. பயமா இருக்கு அக்கா.

— அடக் கடவுளே. அந்த மார்க் போட்ட மகராசன் யாருன்னு மூணு நாளா விசாரிக்கிறேன். சீல் வச்ச கவர்னு சொல்லி யாரும் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க.

— பரீட்சையில என்ன கொடுத்தாங்க தெரியுமா? ஒரு நிஜக் கடுதாசி. பேரை மட்டும் அழிச்சுட்டாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி, கெடு முடிஞ்சு அஞ்சு நாள் லேட்டா போட்டதுன்னு இங்க தள்ளுபடி பண்ணினது.

— சரி, அதுல என்ன?

— மத்தவங்க முன்பக்கத்தை அழகா மொழிபெயர்த்துட்டு நிறுத்திட்டாங்க. நாலாம் நம்பர் மட்டும் தாளைத் திருப்பியிருக்கா. பின்னாடி பென்சில்ல ஒரு தேதி. அந்த ஜெயில்ல கைதி கடுதாசியைக் கொடுத்ததும் குமாஸ்தா அப்படித்தான் குறிச்சு வைப்பான். அப்புறம் மூணு வாரம் டிராயர்ல போட்டுட்டு, ஒரு நாள் சாவகாசமா தபால்ல சேர்ப்பான்.

— கைதி கொடுத்த நாள்தானே கணக்கு? அப்ப அது நேரத்துக்கே வந்திருக்கு!

— ஆமா. அந்த ஆள் இன்னும் உள்ளதான் இருக்கான். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன், உங்க கை பக்கத்துல இருக்கே, அந்தக் காகிதம். அந்த லாத்வியாக்காரி வந்து தொடர்ந்து பார்த்துக்கணும்.

— இரு, இரு. சீல் வச்ச கவர்ல இருந்தது உனக்கெப்படி தெரியும்?

— ரஷ்யன் கையெழுத்துல இருக்கிறதைத் திருத்த இந்தக் கட்டடத்துல வேற யார் இருக்கா?

— உன் வேலைக்கு வர்றவளோட தாளை உன்னையே திருத்தச் சொன்னாங்களா? இந்த ஆபீஸுக்கு மூளை கெட்டுப்போச்சா?

— பரீட்சைப் பிரிவுக்கு என் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு எங்க தெரியும்? மொழி தெரியுமான்னு மட்டும் கேட்டாங்க, தெரியும்னேன்.

— அடிப்பாவி, ரெண்டு மார்க்! குறைச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

— யாருக்கும் தெரியாது. பேனா கொடுங்க, கையெழுத்துப் போடுறேன்.

— கொடுக்க மாட்டேன். ஏன் இப்படிப் பண்ணினேன்னு சொல்லு. இது சும்மா கேக்கல.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்காம விட்டது நான்தான் அக்கா.