காது கொடுத்த எங்கள் அக்காவுக்கு

அலறும் மணிகளுக்கிடையே அமைதி காத்த அன்பின் உறைவிடமே! கடிந்து பேசியவரிடமும் கனிந்து பேசிய கருணையின் கருவூலமே! மருத்துவமனையின் தொலைபேசி அறையில் முப்பதாண்டுகளுக்கும் மேலாய் வீற்றிருந்து, முகமறியா மாந்தர்க்கும் முகங்கோணாது செவிசாய்த்த எங்கள் மூத்த அக்காவே! வணக்கம்! இப்படி அடுக்கினால், "போதும்ப்பா, கூச்சமா இருக்கு" என்று கையை ஆட்டுவீர்கள் என்பது தெரியும். நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று ஒரு நாள் பொறுத்தருள வேண்டும்.

காலையில் முதல் மணி ஒலிக்கும் முன்னரே வந்து, ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு கண்மூடி அமர்ந்திருப்பீர்கள். புதிதாய் வந்த மேலாளர் அதைத் தூக்கம் என்றெண்ணி மேசையைத் தட்டினாரே!

"ஜெபம் பண்றேன் சார்."

"உதடே அசையலையேம்மா?"

"நானே பேசிக்கிட்டிருந்தா ஆண்டவர் எப்ப சார் பேசுவாரு?"

அன்றிலிருந்து அந்த வழியாய்ப் போகும்போதெல்லாம் மேலாளர் ஓசை எழாதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவதை இந்த அவையே அறியும்.

அந்த அமைதியில் நீங்கள் கண்ட கடவுளை நாங்கள் கண்டுகொண்டது, ஆம்புலன்ஸ் ஓட்டும் நம் தம்பியின் துயர நாளில்தான். மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே ஒரு பெரியவர் வண்டியில் உயிர்விட, "இனிமே ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்" என்று சாவியை ஒப்படைக்க வந்துவிட்டார் தம்பி. வீட்டில் இரண்டு பிள்ளைகள். கற்ற தொழிலும் அது ஒன்றே. வாயுள்ள நாங்கள் விடுவோமா? "எல்லாம் விதிப்பா" என்றார் கணக்காளர். "உன்மேல தப்பே இல்ல" என்றார் மருந்தாளுநர். "நல்லாத் தூங்கி எந்திரி, சரியாப் போயிடும்" என்றது பெருங்கூட்டம். ஆறுதல் சொல்லிச் சொல்லியே அவரை மூச்சுமுட்ட வைத்தோம்.

நீங்களோ, "உக்காரு தம்பி" என்று முக்காலியை நகர்த்திப் போட்டதோடு சரி. இணைப்புக் கொடுப்பதும் அவர் பக்கம் திரும்புவதுமாய்ப் பொழுது போனது. ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே காதைத் தீட்டி நின்ற எங்களுக்குத்தான் தலை வெடித்தது! மாலையில் தம்பி தானாகவே வாய்திறந்தார்.

"மெதுவாப் போப்பா, வலி தாங்கலன்னு கெஞ்சினாருக்கா. வேகத்தக் குறைச்சேன். நான்தான் கொன்னுட்டேன்."

அவர் கையைப் பற்றிக்கொண்டு நீங்களும் அழுதீர்கள். பிறகுதான் பேசினீர்கள்.

"வேகமாப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா, அந்த மனுஷன் கடைசியாக் கேட்டத ஒருத்தன் காது குடுத்துக் கேட்டிருக்கான்."

தம்பி வெகுநேரம் தேம்பினார். அப்போதுதான் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. முகவரியை எழுதி நீட்டினீர்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார் தம்பி.

இதை மடலில் எழுதியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர்தான். இப்போது உங்கள்முன் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே! குரல் உடையுமுன் முடித்துவிடுகிறோம்.

அருமை அக்காவே! நோயற்ற உடலும் நீண்ட நாளும் நிறைந்த மகிழ்வும் ஆண்டவர் உங்களுக்கு அருள்வாராக! வீட்டின் அமைதியிலும் அவர் குரல் உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் மனமும் பாரத்தால் கனக்கும் ஒரு நாள் வந்தால், இதே எண்ணுக்கு அழையுங்கள். "சொல்லுங்கக்கா" என்போம். அதற்குமேல் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டோம், இது சத்தியம்!

என்றும் உங்கள் அன்பில்,
வாய்மூடிக் கேட்கப் பழகிவரும்
மருத்துவமனைப் பணியாளர்கள்