ரோவன் இருக்கட்டும்

சீமைக்கருவேல மரத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீரை உறிஞ்சுகிறது, காட்டைக் கெடுக்கிறது, ஆட்டின் காலில் முள் ஏற்றுகிறது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் இலக்கிய வாழ்க்கை அந்த மரத்தில்தான் தொடங்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் மெதுவாகவே பேசுகிறேன், மேடம். எனக்குப் பழக்கம்தான்.

என் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணனுக்கு எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை. சின்ன வயதில் கௌபாய் சித்திரக்கதைகளை அட்டை கிழியப் படித்தவர். கடையில் ஆள் வராத ஒரு நாள், கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய், சீமைக்கருவேலம் மெக்சிகோ பக்கத்து மரம் என்று கண்டுபிடித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவந்தார்.

“ஏய் காளி, நம்ம முள்ளுக்காடு பூராம் அங்கயிருந்து வந்ததுடி. டெக்சாஸுக்கு நாம போக வேண்டியதில்ல. அதுவே நம்மளத் தேடி வந்துருச்சு.”

அன்றைக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே முதல் அத்தியாயத்தைப் பேசி முடித்தோம். போனில் தொடர்கதை போடும் ஆப் ஒன்று இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தோம். அவருக்குத் துப்பாக்கி தெரியும், எனக்குக் காதல் தெரியும். இரண்டுமே புத்தகத்தில் படித்ததுதான். குதிரை இருவருக்குமே தெரியாது. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அது அவர் காலை மிதித்துவிட்டது. அதற்கப்புறம் பல அத்தியாயங்களுக்கு எங்கள் கதாநாயகன் நடந்தேதான் போனான்.

புனைபெயர் அவர் பேரில் பாதியும் காளீஸ்வரி என்ற என் பேரில் பாதியும் சேர்த்து வைத்தது: நவகாளி. காந்தி யாத்திரை போன ஊரின் பெயரைக் காதல் கதைக்கு வைக்கலாமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதினார். எங்களுக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பொது அறிவு அந்த அளவில்தான் இருந்தது. ஒரு தடவை ரோவன் காலையில் எழுந்து கம்பங்கூழ் குடித்தான். அதைப் பீன்ஸ் என்று அவர் மாற்றுவதற்குள் ஆயிரம் பேர் படித்துவிட்டார்கள்.

ரோவன்தான் எங்கள் கதாநாயகன். சுடப்பட்டுச் செத்துப்போன ஷெரீப். அவனுடைய பேய், கிளாரா என்ற விதவையின் பண்ணைக்குக் காவல் இருக்கும். பேய் என்னுடைய யோசனை. உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளையை வைத்துக் காதல் கதை எழுத எனக்கு அவ்வளவாக வரவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை, சண்டை போட எங்களுக்கு ரோவன் இருந்தான். நான் ஒரு பக்கத்துக்கு முத்தம் எழுதி அவருக்கு அனுப்புவேன். அவர் திருத்துவார். திருத்தி வரும்போது, “அவள் அவனைப் பார்த்தாள். வெளியே துப்பாக்கி வெடித்தது” என்று இருக்கும். ஆப் கணக்கு அவர் போனில் இருந்தது. அவர் கட்டைவிரலை வைத்தால்தான் அது திறக்கும். ஆகவே துப்பாக்கிதான் எப்போதும் வெடித்தது.

“செத்தவன் எப்படிடி தொடுவான்? கை உள்ள போயிரும்ல. ஒரு லாஜிக் வேணாமா?”

“பேய் குதிர ஓட்டுறதுக்கு மட்டும் லாஜிக் இருக்காக்கும்?”

“குதிரையும் பேய்தான.”

இப்படித்தான் எங்கள் சாப்பாட்டு நேரம் போகும். இரண்டு படித்த மனிதர்கள் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு பேயின் கையைப் பற்றி மனம் நோகச் சண்டை போட்டார்கள் என்பதை நீங்கள் சிரிக்காமல் எழுதிக்கொள்வதற்கு நன்றி.

எனக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் கொடுக்கிற வேலை. பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று நானே சொல்லியிருக்கிறேன். “வாய் ஒரு பக்கமா கோணுச்சுன்னா, கை துவண்டுச்சுன்னா, பேச்சு கொழறுச்சுன்னா ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. ஒடனே 108-க்குப் போனப் போடுங்க.” நான் நன்றாகச் சொல்வேன் என்று ஊரில் பெயர் உண்டு. என் வீட்டுக்காரருக்கும் பிரஷர் இருந்தது. மாத்திரை போட்டால் கற்பனை வரமாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னார். எழுதுகிறவரின் கஷ்டம் எழுதுகிறவளுக்குத் தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்கு உட்கார்ந்தோம். சாயங்காலம் போட்டுவிடுவோம் என்று வாசகர்களுக்குச் சொல்லியிருந்தோம். அவர் நாற்காலியில் டீ டம்ளரோடு சாய்ந்து சொல்லச் சொல்ல, நான் கீழே உட்கார்ந்து என் போனில் தட்டினேன். அவர் சொன்ன முடிவில் விடியும்போது ரோவன் புழுதியாகக் கரைந்து போகிறான். கிளாரா வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ரோவன் இருக்கட்டும்ங்க,” என்றேன்.

“இருக்கக் கூடாது. போனாத்தான் கத.”

“அந்தப் பொம்பள பாவமில்லையா?”

“பாவந்தான். அதுக்கு நாம என்ன செய்ய? எழுது. ரோவன் விடியலை நோக்கித் திரும்பினான். அப்போது...”

அடுத்து வந்தது வார்த்தையாக இல்லை. குதிரை என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். கூழ் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஏதோ விளையாட்டு என்று நான் சிரித்தேன். அப்புறம் வலது கையிலிருந்து டம்ளர் நழுவி மடியில் விழுந்தது. டீ சூடாகத்தான் இருந்தது. அவர் துடிக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

எனக்குத் தெரியும் என்று முன்னாலேயே சொன்னேன். தெரியவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அதில் வாக்கியம் பாதியில் நின்றது. இந்த ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுப் போன் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாதியில் விட்ட வாக்கியம் திரும்ப வராது. நான் என்னவோ பெரிய எழுத்தாளி மாதிரிப் பேசுகிறேன், பாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

அந்த வாக்கியத்தில் ரோவன் கரையவில்லை. அடுத்ததில் வேலியைத் தாண்டி உள்ளே வந்தான். அதற்கடுத்ததில் அவன் கை சூடாக இருந்தது. நான் எழுத எழுத யாரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு மத்தியானம் கிடைத்ததே இல்லை. கிளாரா அவனை முத்தமிட்டாள். அதை நான் அவசரப்படுத்தவில்லை. வெளியே எந்தத் துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

முடித்து நிமிர்ந்தபோது அவர் வேட்டியில் டீ காய்ந்து எறும்பு வந்திருந்தது. முதலில் எறும்பைத் தட்டிவிட்டேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை. அப்புறம் சட்டைப்பையிலிருந்து அவருடைய போனை எடுத்தேன். வலது கை பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிக் கட்டைவிரலை வைத்தேன், திறந்தது. கை ரொம்பக் கனமாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அத்தியாயம் அவருடைய கைநாட்டோடுதான் வெளிவந்தது. ஆகவே அதுவும் கூட்டுப் படைப்புதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு 108-க்குப் போன் பண்ணினேன். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “எப்பம்மா ஆரம்பிச்சது? கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?”

“தெரியல சார். நான் மாத்திர குடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா இப்பிடிக் கெடக்காக.”

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு மாத்திரை கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆரம்பித்த நேரம் தெரியாமல் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியாது என்றார் டாக்டர். சரி சார் என்றேன். ஸ்ட்ரெச்சரில் அவர் இடது கையால் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். வலியில் தட்டுகிறார் என்று நர்ஸிடம் சொன்னேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாசகர்கள் எழுதியதைப் படித்தேன். எல்லோரும் அழுதிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘இப்படி ஒரு முத்தத்தை எழுத, இந்தப் புருஷனும் பொண்டாட்டியும் எவ்வளவு அன்பாக இருக்க வேண்டும்.’ எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்தபோது வலது கை இல்லை என்ற மாதிரிதான். கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு அடியோடு போய்விட்டது. “அவருக்கு எல்லாம் புரியும்மா. சொல்லத்தான் வராது,” என்று டாக்டர் அனுப்பிவைத்தார். கூட்டாக எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல குணம் இருக்க முடியுமா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

இரண்டாம் பாகம் தொடங்கினேன். தினமும் மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவரைக் கேட்காமல் நான் எதையும் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டால் காட்சியைக் கற்பனை செய்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். கண்ணில் தண்ணீர் வந்தால் அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொள்வேன். ஒரு நாள் இடது கையால் சோற்றுத் தட்டை வீசியடித்தார். அந்த அத்தியாயம் நடுவில் கொஞ்சம் தொய்வுதான். திருத்தினேன்.

ஜெபா என்ற பெண் அருப்புக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வாரம் ஒரு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தாள். நல்ல பிள்ளை. மாடு, மாங்காய், வீடு என்று படம் போட்ட அட்டைகள் கொடுத்து, தினமும் அவரைச் சொல்லவைக்கச் சொன்னாள். நான் அவற்றைப் பீரோ மேல் பத்திரமாக வைத்தேன். “தெனமும் சொல்றாரா அக்கா?” என்று கேட்பாள். சொல்கிறார் என்பேன்.

ஒரு நாள் அவள் முன்னால், அவர் இடது கையால் தன் வலது கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினார். “இவ... இவ...” என்றார்.

“வெரல் வலிக்கா அண்ணாச்சி?” என்று கேட்டாள் ஜெபா.

“ஆமா, வலிக்குதாம்,” என்றேன் நான்.

அடுத்த வாரம் வாசலிலேயே நிறுத்தி, மதுரையில் பெரிய இடத்தில் காட்டுகிறோம், இனி நீ அலைய வேண்டாம் என்றேன். “சரிக்கா,” என்று போய்விட்டாள். ரோவனைச் சுட்டவன் யார் என்று வாசகர்களை மாதக்கணக்கில் தவிக்கவிட்டவள் நான். அந்தச் ‘சரிக்கா’வை அப்படியே நம்பினேன்.

நான் மாத்திரைப் பையோடு தெருவுக்குப் போகிற காலை நேரங்களில் அவள் வந்துகொண்டிருந்திருக்கிறாள். பீரோ மேல் அட்டைகள் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் ஆரம்பித்து, கோடை வருகிறவரைக்கும் அவரோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். நான் மாத்திரை கொடுத்த வீடுகளில் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததை நானும் கவனித்தேன். கதை நன்றாகப் போகிறது, அதனால்தான் என்று நினைத்தேன்.

நேற்று நான் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தபோது ஜெபா இருந்தாள். அவருடைய தம்பி பாண்டீஸ்வரனும் மல்லாங்கிணறிலிருந்து வந்திருந்தார். என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, சலவைச் சட்டை போட்டுவிட்டு, தலை சீவியிருந்தார்கள். யாரோ பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, அக்காட்ட சொல்லுங்க. அவசரமில்ல,” என்றாள் ஜெபா.

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தச் சலவைச் சட்டை வியர்வையில் நனைந்துபோனது.

“கதய... முடிச்சிட்டு...”

மூச்சு வாங்க நிறுத்தினார். ஜெபா அவர் முதுகைத் தடவினாள்.

“...போனு... பண்ணா.”

பாண்டீஸ்வரன் என் பக்கம் திரும்பினார். “மதினி, அண்ணே என்ன சொல்லுது?”

இந்த வியாதிக்காரர்களுக்கு வார்த்தை மாறி மாறி வரும், ஒன்று நினைத்து ஒன்று சொல்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது என் நாக்கு நுனியில் இருந்தது. பாண்டீஸ்வரன் நம்பியும் இருப்பார். ஆனால் அது நல்ல வாக்கியம், மேடம். ஒரு சொல் கூட வெட்ட முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாக ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆமா, உண்மைதான் என்றேன்.

ஆகவே நீங்கள் கேட்டது எல்லாம் சரி. வாய் கோணியதைப் பார்த்தேன். என்னவென்று தெரிந்தும் உட்கார்ந்து எழுதினேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். பேச்சு திரும்ப வந்துவிடக் கூடாது என்றுதான் ஜெபாவை நிறுத்தினேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்றில்தான் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை. அவர் என் மேல் குற்றம் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரோடு சேர்ந்து எழுதியவர் இல்லை. ரோவன் இருந்தால் அது கதையே இல்லை, முடிவே இல்லை என்று கடைசி வரைக்கும் சாதித்த மனிதர் அவர். நேற்று எல்லார் முன்னாலும் ‘முடிச்சிட்டு’ என்றார். அப்படியானால் நான் எழுதியதை முடிவு என்று ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றுதானே அர்த்தம். அதைச் சொல்ல அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று நீங்கள் ஜெபாவையே கேட்டுப் பாருங்கள்.